கொத்தவரைப் பிசின்

ராஜபுதனத்தின் வறண்ட மணற்பூமியில் மாட்டுத் தீவனமாகவும் எளியோரின் கறியாகவும் விளைந்துவந்த கொத்தவரை, இரண்டாவது உலக யுத்தத்தின்போது மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து காரப் மர விதைப்பிசின் வருவது தடைப்பட்டு, அமெரிக்கக் காகித ஆலைகள் மாற்றுச் சரக்குத் தேடிய காலத்தில்தான் சர்வதேச வியாபாரப் பண்டமாகப் பிரசித்தியடைந்தது. அதன் விதையிலுள்ள காலக்டோமன்னான் என்னும் கூட்டுச் சர்க்கரை, தண்ணீர் பட்டதும் கூழாய்க் கொழகொழத்துவிடும். காகிதத்துக்கு உதவிய அந்தக் குணமே பிற்பாடு வைத்தியத்துக்கும் அனுகூலமாயிற்று என்பது விநோதந்தான். 1976-இல் ஆராய்ச்சியாளர் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் இந்தக் கொத்தவரைப் பிசினையும் பெக்டினையும் நீரிழிவுக்காரர்களின் ஆகாரத்தில் சேர்த்துக் கொடுத்தபோது, உணவுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது தணிந்தது. குடலில் கூழ் கெட்டிப்பட்டு, சர்க்கரை மெதுவாக உறிஞ்சப்படுவதே இதற்குக் காரணம். பித்த உப்புகளையும் அது தன்னோடு வெளியேற்றிவிட, ஈரல் புதுப்பித்தம் செய்யக் கொலஸ்டிராலைச் செலவிட நேர்ந்து, ரத்தத்தில் அதன் அளவும் குறைந்தது. ருசிதான் சகிக்கவில்லை, நோயாளிகள் முகஞ்சுளித்தார்கள்.