ரேகையும் ராதாரிச் சீட்டும்

விமான நிலையத்தில் விரல் பதிப்பதைக் கணினி யுகத்தின் புதுச் சங்கதியாகப் பேசுகிறார்கள். அந்தரங்க உரிமை குறித்த விவாதமும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியைச் சுற்றியுள்ள சனங்களுக்கு ரேகை பழைய கதை.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் தனிமனிதனின் குற்றத்தைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள், திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஆப்பநாட்டு மறவர்கள் எனச் சாதியையே பதிவேட்டில் ஏற்றியது. சனங்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்'. பதிந்தவன் ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்கணும். வெளியூர்ச் சாவுக்குப் போகணும்னாலும் ராதாரிச் சீட்டு வாங்கணும். அதாவது நாட்டின் விளிம்பில் இருக்கவேண்டிய எல்லை ஒருவனின் வீட்டுவாசலுக்கே வந்துவிட்டது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது 1947இல்தான்.

இதே ரேகை கடல் கடந்தும் போயிற்று. வங்காளத்தில் ரேகை முறையை நிலைநாட்டிய போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1907இல் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. தமிழர்கள் திரளாகச் சிறை சென்றனர். 1908 தொடக்கத்தில் காந்தி ஒரு சமரசத்துக்கு வந்தார்: கட்டாயத்தால் அல்ல, விரும்பித் தருவோம். வாக்குறுதி பொய்த்ததும் ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சீட்டுகள் கொளுத்தப்பட்டன. கையில் மை ஒட்டுவதல்ல, சம்மதம் யாருடையது என்பதே பிரச்சினை என்பதை அந்த நெருப்பு காட்டியது.

இன்றைய சட்டமும் சம்மதம் பற்றிப் பேசுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு என்ற பெயரில் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குத் தந்துகொள்ள வழிவிட்டிருக்கிறது. 2025இன் குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டம் வெளிநாட்டவரிடம் உடல் அடையாளங்களைக் கேட்க அதிகாரம் தருகிறது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் குல்லூர்சந்தை முகாமின் ஈழத்து அகதிகள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. மாட்டேன் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்குவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறைகூடப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருப்போம் என்று ஒரு கெடு சொல்கிறது. நாமும் கேட்கவேண்டியது இதைத்தான்: ரேகை யார் கையில், எத்தனை காலம், யார் அழிப்பது? ரேகைச் சட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இவை தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல.