கன்சல்டிங் கம்பெனி வேலை எப்படி இருக்கும்? டைம்ஷீட், பெஞ்ச், நள்ளிரவு கால்... சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"பொண்ணுக்கு கன்சல்டிங் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னதும் அடுத்து வரும் கேள்வி, "சரி, அங்க என்ன வேலை?" என்பதுதான். சம்பளத்தைச் சொல்லிவிடலாம், வேலையைச் சொல்வதுதான் கஷ்டம். கார் கம்பெனி என்றால் கார் செய்வார்கள். வங்கி என்றால் கடன் கொடுப்பார்கள். கன்சல்டிங் கம்பெனி எதை விற்கிறது?

தன் ஊழியர்களின் நேரத்தை விற்கிறது. நல்ல சம்பளம், ராத்திரி வேலை, 'பெஞ்ச்' பயம், சில வருடங்களிலேயே பலர் வெளியேறுவது என எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் தொடங்குகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

எந்த 'கன்சல்டன்சி'?

நம்ம ஊரில் இந்த வார்த்தைக்குப் பல அர்த்தம். வேலை வாங்கித் தருவதாக போர்டு மாட்டிய ஆபீஸும் கன்சல்டன்சிதான். வெளிநாட்டுக் கல்லூரியில் அட்மிஷன் போட்டுத் தருவதும், ஐடி கம்பெனிகளுக்கு கான்ட்ராக்டில் ஆள் அனுப்புவதும் கன்சல்டன்சிதான். இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றி அல்ல. மற்ற நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களைப் பற்றி.

இவற்றை மோட்டாவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

- வியூகம் சொல்பவை: மெக்கின்சி, பிசிஜி என்கிற பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின்.
- 'பிக் ஃபோர்': டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி. தணிக்கை, வரி வேலைகளோடு ஆலோசனையும் இவர்களின் தொழில்.
- தொழில்நுட்பம் சார்ந்தவை: அக்சென்ச்சர் போன்றவை. ஆலோசனை சொல்வதோடு, சாஃப்ட்வேரை நிறுவி ஓட்டியும் கொடுப்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எந்த நிறுவனமும் வேலை கொடுக்க 'டெபாசிட்', 'டிரெய்னிங் ஃபீஸ்' என்று பணம் கேட்காது. அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ஆன்லைனில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

இந்தத் தொழில் எப்படி வந்தது?

தொடக்கம் அமெரிக்காவில். 1886-ல் பாஸ்டனில் ஆர்தர் டி. லிட்டில் என்ற வேதியியலாளர் கூட்டாளியுடன் தொடங்கிய நிறுவனம், இத்துறையின் மிகப் பழைய நிறுவனமாகக் கருதப்படுகிறது. 1926-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்சி தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1933-ல் அதில் சேர்ந்த மார்வின் பவர் ஒரு வழக்கறிஞர். வக்கீல் ஆபீஸ் எப்படி நடக்குமோ, அந்த மாதிரியே இதையும் நடத்தலாம் என்று வழி வகுத்தவர் அவர்தான். வாடிக்கையாளரின் ரகசியம் காப்பது, திறமையான இளைஞர்களைப் படிப்பு முடிந்த கையோடு எடுத்து வளர்ப்பது எல்லாம் அப்படி வந்தவை.

1963-ல் புரூஸ் ஹெண்டர்சன் பிசிஜியைத் தொடங்கினார். அங்கே வேலை பார்த்த பில் பெயின், 1973-ல் சகாக்களோடு வெளியேறி பெயின் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்சென்ச்சரின் கதை வேறு. ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவு 1989-ல் தனி அமைப்பானது. 2001-ல் அது அக்சென்ச்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே என்ரான் ஊழலில் சிக்கி ஆர்தர் ஆண்டர்சன் சரிந்தது. பிரிந்து போன பிள்ளை தப்பியது.

சரி, அங்க என்னதான் வேலை?

ஒரு உதாரணம். பிஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு விற்பனை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தெரியவில்லை. கன்சல்டிங் நிறுவனத்தைக் கூப்பிடுகிறார்கள். 10 வாரம், 4 பேர், இவ்வளவு கட்டணம் என்று ஒப்பந்தம் ஆகிறது.

முதல் இரண்டு வாரம் தகவல் கேட்பதிலேயே போய்விடும். விற்பனைக் கணக்கு, ஏஜென்சி பட்டியல், லாரி வாடகை எல்லாம் வெவ்வேறு எக்செல் ஷீட்டில் வெவ்வேறு மாதிரி இருக்கும். அதை ஒழுங்குபடுத்துவதுதான் புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வேலை. பிறகு கடைக்காரர்கள், டீலர்கள், கம்பெனி மேலாளர்கள் என ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். "20 வருஷமா நாங்க பாக்குற வேலைய நேத்து வந்த பசங்க சொல்லித் தரப் போறாங்களா?" என்ற முறைப்பு நிச்சயம் கிடைக்கும். அந்த முறைப்பைத் தாண்டி அவரைப் பேச வைப்பவர்தான் நல்ல கன்சல்டன்ட். ஏனென்றால் உண்மையான காரணம் பல நேரங்களில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

கடைசி வாரங்கள் 'டெக்' தயாரிப்பு. பவர்பாயின்ட் ஸ்லைடுகளின் தொகுப்புக்குத்தான் அங்கே டெக் என்று பெயர். ஸ்லைடின் தலைப்பு 'தென் மாவட்ட விற்பனை' என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'தென் மாவட்டங்களில் சரக்கு தாமதமாகப் போவதால் விற்பனை குறைகிறது' என்று முழு வாக்கியமாக இருக்க வேண்டும். முடிவை முதலில் சொல், காரணத்தை அடுத்து சொல் என்பது பாடம். 1960-களில் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ வகுத்த இந்த முறை இன்றும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இன்டர்வியூவிலும் இதையேதான் சோதிக்கிறார்கள். "சென்னையில ஒரு நாளைக்கு எத்தனை டீ விக்கும்?" என்று கேட்பார்கள். சரியான விடை யாருக்கும் தெரியாது. மக்கள்தொகை, கடையில் டீ குடிப்பவர்கள், ஒருவருக்கு எத்தனை என்று படிப்படியாகப் பிரித்து யோசிக்கிறாரா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

டைம்ஷீட்டும் பெஞ்சும்

காய்கறி மாதிரிதான் நேரமும். இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு வீண். அதனால் ஒவ்வொரு ஊழியரும் எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று டைம்ஷீட்டில் பதிவு செய்ய வேண்டும். இதை வைத்துக் கணக்கிடுவதுதான் 'யூடிலைசேஷன்'. வாரம் 40 மணி நேரத்தில் 32 மணி நேரம் கட்டணம் வரும் வேலை என்றால் 80 சதவீதம். ஆண்டு மதிப்பீட்டில், போனஸில் இந்த எண்ணுக்குப் பெரிய இடம் உண்டு.

புராஜெக்ட் இல்லாமல் இருப்பதுதான் 'பெஞ்ச்'. சம்பளம் வரும், கட்டணம் வராது. ஒரு வாரம் பெஞ்ச் என்றால் ஓய்வு. இரண்டு மாதம் என்றால் தூக்கம் வராது. தொழில் மந்தமானால் முதலில் கைவைப்பது பெஞ்சில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே புராஜெக்ட் கேட்டு மேலாளர்களுக்கு மெயில் போடுவதும், எல்லோரிடமும் அறிமுகமாகி வைப்பதும் எழுதப்படாத வேலை.

ஏன் ராத்திரி வரை வேலை?

மூன்று காரணங்கள்.

ஒன்று, மணிக்கணக்கு. பகலில் வாடிக்கையாளருடன் மீட்டிங். பார்ட்னர் எனப்படும் மூத்த பங்குதாரர் டெக்கைத் திறப்பதே இரவு 8 மணிக்கு. அவர் சொல்லும் திருத்தங்கள் மறுநாள் காலை மீட்டிங்குக்குள் முடிய வேண்டும்.

இரண்டு, நேர வித்தியாசம். இந்தியாவில் இருக்கும் பல வேலைகள் அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்களுக்கானவை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அவர்களுக்கு மதிய மீட்டிங் என்றால் இங்கே நள்ளிரவு கால்.

மூன்றாவதுதான் முக்கியம். கட்டணம் முன்கூட்டியே பேசி முடித்தது. நடுவில் வாடிக்கையாளர், "அப்படியே பேக்கிங் செலவையும் பாத்துடுங்களேன்" என்பார். முடியாது என்று சொல்ல மேலாளருக்கு மனம் வராது. அடுத்த ஒப்பந்தமும் வேண்டுமே. வேலை கூடும், ஆளும் பணமும் கூடாது.

இங்கேதான் ஒரு கமுக்கமான பழக்கம் நுழைகிறது. 60 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு டைம்ஷீட்டில் 45 என்று போடுவது. பட்ஜெட்டைத் தாண்டினால் மேலாளருக்குக் கெட்ட பெயர், தனக்கும் 'ஸ்லோ' என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம். விளைவு என்ன? இந்த வேலைக்கு 45 மணி நேரம் போதும் என்று ஆவணம் சொல்கிறது. அடுத்த ஒப்பந்தம் அந்த 45-ஐ வைத்துப் போடப்படுகிறது. அடுத்து வரும் ஜூனியர் அந்தப் பொய்க் கணக்குக்குள் வேலையை முடிக்கத் திணறுகிறார்.

2024-ல் வெடித்த விவாதம்

2024 ஜூலையில் புனேவில், பெரிய நிறுவனம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயது பெண் ஊழியர் உயிரிழந்தார். வேலைச் சுமையால் மகள் எவ்வளவு அவதிப்பட்டார் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைமைக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரிப்பதாக அறிவித்தது. வேலை அழுத்தம்தான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை.

அது ஆலோசனை வேலை அல்ல, தணிக்கை வேலை. ஆனால் டைம்ஷீட், பட்ஜெட், "சீனியர்கள் எல்லாரும் இப்படித்தான் வந்தோம்" என்ற பேச்சு இரண்டுக்கும் பொது. அதனால்தான் அந்தக் கடிதத்தைப் படித்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் கதையையும் எழுதத் தொடங்கினார்கள்.

'மேலே போ, இல்லை வெளியே போ'

இந்த நிறுவனங்களின் அமைப்பு ஒரு கோபுரம். அடியில் நிறைய அனலிஸ்ட்கள், நடுவில் மேலாளர்கள், உச்சியில் சில பார்ட்னர்கள். ஜூனியரின் ஒரு நாளுக்கு வாடிக்கையாளர் தரும் கட்டணத்துக்கும், ஜூனியருக்குப் போகும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கோபுரம் நிற்கிறது. உச்சியில் இடம் குறைவு. குறிப்பிட்ட காலத்துக்குள் பதவி உயர்வு கிடைக்காதவரிடம், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது வியூக நிறுவனங்களில் வழக்கம்.

ஆனால் வெளியேறுவது அங்கே அவமானம் கிடையாது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, கூகுளுக்கு முன் மெக்கின்சியில் இருந்தவர். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, பெப்சிகோவுக்கு வெகு முன்பே பிசிஜியில் இருந்தவர். சில வருடங்களில் பல தொழில்களை உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு, 25 வயதில் ஒரு கம்பெனியின் தலைவர் முன் நின்று பேசும் தைரியம், இரண்டையும் இந்த வேலை கொடுக்கும்.

சொல்வது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர்

டெக்கை ஒப்படைத்ததும் குழு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதில் 'செலவுக் குறைப்பு' என்று எழுதிய வரியால் வேலை போவது அந்த கம்பெனி ஊழியருக்கு. அந்த வரிக்கான கணக்கைப் போட்டவர் 23 வயது அனலிஸ்டாக இருக்கலாம். இதைச் சுமக்க முடியாமல் வேலையை விட்டவர்கள் உண்டு.

ஆலோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. அடிமையாக்கும் வலி நிவாரணி மாத்திரையின் விற்பனையைப் பெருக்க, தயாரிப்பு நிறுவனமான பர்டியூ பார்மாவுக்கு ஆலோசனை சொன்ன விவகாரத்தில், 2024 டிசம்பரில் மெக்கின்சி 65 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

ஏஐ வந்தால் என்ன ஆகும்?

தகவல் திரட்டுவது, சுருக்கி எழுதுவது, ஸ்லைடின் முதல் வரைவு போடுவது எல்லாம் ஏஐ செய்யத் தொடங்கிவிட்டது. மெக்கின்சி 2023-லேயே 'லில்லி' என்ற ஏஐ கருவியை ஊழியர்களுக்குக் கொடுத்தது. இவை எல்லாமே புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்து கற்றுக்கொண்ட வேலைகள். டீலரிடம் உட்கார்ந்து பேசி உண்மையை வாங்குவது இப்போதைக்கு மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

- எந்த ஊர் அலுவலகத்துக்கான வேலை? வெளிநாட்டுக்கு என்றால் ஷிஃப்ட் நேரம் என்ன? இரவில் வண்டி வசதி உண்டா?
- சம்பளத்தில் நிலையான தொகை எவ்வளவு, போனஸைச் சார்ந்தது எவ்வளவு? ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டும்?
- பெஞ்சில் எத்தனை நாள் வரை இருக்கலாம்? அதன் பிறகு என்ன நடக்கும்?
- யூடிலைசேஷன் இலக்கு எவ்வளவு? 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் அதை டைம்ஷீட்டில் பதிவு செய்ய முடியுமா?
- நோட்டீஸ் காலம் எவ்வளவு?

இவற்றை ஹெச்ஆரிடம் கேட்பதோடு, அதே குழுவில் ஒரு வருடம் முன் சேர்ந்த ஒருவரிடமும் கேட்பது நல்லது. குறிப்பாக நான்காவது கேள்வியை. "போடலாம், ஆனா யாரும் போட மாட்டாங்க" என்று பதில் வந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போடாமல் விடுகிறார்கள் என்று கேட்டு, அதையும் சேர்த்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.