ராணுவத்தில் சேர்ந்த ஜோ லூயிஸ், மறுத்த முகமது அலி: ஒரே கேள்விக்கு இரண்டு பதில் ஏன்?

1942 ஜனவரி. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ், அமெரிக்க ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்கிறார். அதே மாதம் 17ஆம் தேதி, கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் கேஷியஸ் கிளே என்ற குழந்தை பிறக்கிறது. 25 வருஷம் கழித்து, முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே பட்டத்தை வைத்திருந்த அவர், ராணுவத்தில் சேர முடியாது என்று மறுத்துவிட்டார்.

ஒருவர் தேசபக்தர், இன்னொருவர் புரட்சிக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனா இருவர் முன்னாலும் இருந்தது ஒரே கேள்விதான்: நமக்குச் சம உரிமை தராத நாட்டுக்காக நாம் போருக்குப் போகணுமா?

ஜோ லூயிஸ் ஏன் சேர்ந்தார்?

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் ஜப்பானும், இனவெறியையே அரசுக் கொள்கையாக வைத்திருந்த ஹிட்லரின் ஜெர்மனியும்.

லூயிஸுக்கு ஜெர்மனி ஏற்கெனவே அறிமுகம்தான். 1936இல் ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார். அந்த வெற்றியை நாஜிகள் இனப்பெருமையாகப் பிரசாரம் செய்தார்கள். 1938இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த மறுபோட்டியில், முதல் சுற்றிலேயே, 124 வினாடியில் ஷ்மெலிங்கை வீழ்த்தினார் லூயிஸ். வெள்ளை அமெரிக்காவும் ஒரு கறுப்பின வீரரைத் தன் ஆளாகக் கொண்டாடிய அபூர்வமான இரவு அது.

அப்படின்னா நிறவெறி அவருக்குத் தெரியாதா?

நல்லாவே தெரியும். அவர் சேர்ந்த ராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு. கடற்படையில் பெரும்பாலும் சமையல், பரிமாறும் வேலைதான். அந்தக் கடற்படையின் நிவாரண நிதிக்குத்தான் 1942 ஜனவரியில் பட்டி பேரை வென்ற போட்டியின் பரிசுத்தொகையை லூயிஸ் கொடுத்தார். மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிக் கிடைத்த தொகையை ராணுவ நிதிக்குக் கொடுத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம்: அமெரிக்காவில் கோளாறு நிறைய இருக்கு, ஆனா அதை ஹிட்லர் வந்து சரிசெய்யப் போவதில்லை.

அவரைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. முகாம் முகாமாகப் போய், வீரர்கள் முன்னால் கிட்டத்தட்ட 100 கண்காட்சிப் போட்டிகளில் ஆடினார். உள்ளே இருந்துகொண்டே தன் செல்வாக்கையும் பயன்படுத்தினார். ஃபோர்ட் ரைலி முகாமில் கறுப்பின வீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது, அந்தக் கதவு திறக்க உதவினார். அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர், பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவான் ஆன ஜாக்கி ராபின்சன்.

அலி ஏன் மறுத்தார்?

அலியின் காலத்தில் போர் நடந்தது வியட்நாமில். அமெரிக்க மண்ணை யாரும் தாக்கவில்லை. உள்நாட்டிலோ சம உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. 1964இல் பட்டம் வென்றதுமே, நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பில் இருப்பதை அலி வெளிப்படையாக அறிவித்தார். அதே வருஷம் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. வியட்நாமுக்கு ஆள் தேவை அதிகரிக்க, தகுதி அளவுகோல் தளர்த்தப்பட்டது. 1966 பிப்ரவரியில் அவரும் தகுதியானவர் ஆகிவிட்டார். அப்போது அவர் சொன்னதுதான் உலகம் முழுக்கப் பரவியது: "வியட்காங்குடன் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை."

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ஆள்சேர்ப்பு மையத்தில் பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வைக்கணும். அலி நகரவில்லை.

என்ன விலை கொடுத்தார்?

போட்டி உரிமமும் பட்டமும் பறிபோயின. ஜூனில் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனா 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உச்சக்கட்ட ஆண்டுகளை, வளையத்துக்கு வெளியே கழித்தார்.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

மனசாட்சி காரணமாக விலக்கு கேட்பவர், எந்த ஒரு குறிப்பிட்ட போரையும் அல்ல, போர் என்பதையே எதிர்க்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதோடு அந்த எதிர்ப்பு மத நம்பிக்கையில் வேரூன்றியதாகவும், உண்மையானதாகவும் இருக்கணும். புனிதப் போரை அலி ஏற்கிறாரே என்று அரசு வாதிட்டது. ஆனா மற்ற இரண்டு நிபந்தனைகளையும் அவர் பூர்த்தி செய்ததாக உச்ச நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. எந்தக் காரணத்துக்காக விலக்கு மறுக்கப்பட்டது என்று மேல்முறையீட்டு வாரியம் சொல்லவே இல்லை. அந்த ஓட்டையில்தான் 1971 ஜூன் 28 அன்று 8-0 என்ற கணக்கில் தண்டனை ரத்தானது.

காலம் மட்டும்தான் காரணமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1966இல் பெரும்பாலான அமெரிக்கர்கள் வியட்நாம் போரை ஆதரித்தார்கள். அலியின் முடிவை லூயிஸே விமர்சித்தார், ராபின்சனும் ஏற்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் போரை எதிர்த்து நியூயார்க்கில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகூட, அலி மறுப்பதற்கு வெறும் 24 நாள் முன்புதான். அதாவது, அலி காலத்தோடு போகவில்லை, கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டார்.

ஒரே மனிதர் இரண்டு காலத்தில் இரண்டு விதமாகப் பார்க்கப்பட்டதும் உண்டு. முதல் உலகப்போரில் ராணுவ சேவையைத் தவிர்த்ததாக, சாம்பியன் ஜாக் டெம்ப்சி மீது 1920இல் வழக்கு நடந்தது. விடுதலையானாலும் பழிச்சொல் போகவில்லை. இரண்டாம் உலகப்போரில் கடலோரக் காவல்படையில் சேர்ந்த பிறகுதான் அது அடங்கியது.

கடைசியில்?

லூயிஸ் நாட்டின் சொல்லைக் கேட்டவர். ஆனாலும் வருமான வரித்துறை அவரை விடவில்லை. வட்டியோடு சேர்ந்து பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ராணுவத்தில் இனப்பிரிவினையை ஒழிக்கும் உத்தரவும் அவர் போட்டி ஆடிய போர் முடிந்து 3 வருஷம் கழித்து, 1948இல்தான் வந்தது. 1981இல் இறந்தபோது, ரீகன் விதியைத் தளர்த்தியதால் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அவருக்கு இடம் கிடைத்தது. இறுதிச் செலவில் பங்கு கொடுத்தவர்களில் ஒருவர், அவரிடம் தோற்ற அதே ஷ்மெலிங்.

நாடு தண்டித்த அலிக்கு, 2005இல் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை வெள்ளை மாளிகையே கொடுத்தது.

சரி என்று சொன்னவருக்கும் மாட்டேன் என்று சொன்னவருக்கும் மரியாதை வந்தது. இருவருக்குமே தாமதமாகத்தான் வந்தது.