யாரைக் குடுக்கிறது, யாரை வைச்சிருக்கிறது? – லிண்ட்ரோஸ் ட்ரேட்டின் கதை

ஹொக்கி எண்டவுடனே எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது, வளைந்த மட்டையோடு மைதானத்தில் ஓடுகிற விளையாட்டுத்தான். கனடாவில் அந்தச் சொல்லைச் சொன்னால் பனித்தளம், சறுக்குச் சப்பாத்து, கறுப்பு ரப்பர் வில்லை. ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. அந்த ஐஸ் ஹொக்கியின் பெரிய தொழில்முறைத் தொடர் என்.எச்.எல். அதில் இருக்கிற ஒவ்வொரு கழகமும் ஒவ்வொரு வருசமும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும்: கையில் இருக்கிற இளம் வீரர்களில் யாரை வைத்திருப்பது, யாரை மற்றக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவது? அந்தக் கேள்வியின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட சம்பவங்களில் ஒன்று 1992இல் நடந்தது.

முதலில் முறையைப் பார்ப்போம். ஐபிஎல் ஏலம் எங்களுக்குத் தெரியும். காசு கூடக் கேட்கிற அணிக்கு வீரர் போவார். என்.எச்.எல்.இல் 1963 முதல் நடப்பது 'ட்ராஃப்ட்'. பதினெட்டு வயதுப் பெடியன்களைக் கழகங்கள் வரிசைமுறையில் தெரிவு செய்யும். அந்தக் காலத்தில், முதல் வருசம் ஆகக் கீழே கிடந்த அணிக்குத்தான் முதல் தெரிவு. பலவீனமான அணி எழும்பட்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த ஊரில் விளையாட விருப்பம் என்று பெடியனிடம் ஒருத்தரும் கேட்பதில்லை. அவனுடைய உரிமை கழகத்தின் கையில் இருக்கும். அவன் அந்த அணியின் சட்டையை ஒருநாளும் போடாமலே அவனை இன்னொரு கழகத்துக்கு மாற்றியும் விடலாம். இந்த மாற்றலுக்குப் பெயர்தான் 'ட்ரேட்'.

கியூபெக் நகரத்தின் நோர்டிக்ஸ் அணி தோற்றுத் தோற்றே 1989, 1990, 1991 என்று மூன்று வருசம் தொடர்ந்து முதல் தெரிவைப் பெற்றது. 1991இல் அவர்கள் எடுத்தது எரிக் லிண்ட்ரோஸ். ஆறடி நாலு அங்குல உயரம், அந்த உடம்போடு வேகமும் கைத்திறனும். கிரெட்ஸ்கி, லெமியூ வரிசையில் அடுத்தது இவர்தான் என்று அப்பவே எழுதினார்கள். ஆனால் லிண்ட்ரோஸ் கியூபெக்குக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரிவான அன்று சட்டையைக் கையில் வாங்கினார், போடவில்லை. அவருக்கு இது முதல்தரமும் இல்லை. 1989இல் இளையோர் லீக்கில் சூ செயின்ற் மரீ அணி அவரைத் தெரிவு செய்தபோதும் மறுத்து, ஒஷாவா அணிக்குப் போனவர்.

கியூபெக் பிரெஞ்சு பேசுகிற நகரம். லிண்ட்ரோஸ் ஆங்கிலம் பேசுகிற ஒன்ராறியோவில் வளர்ந்தவர். எனவே கியூபெக் சனத்துக்கு இந்த மறுப்பு மொழிக்கு விழுந்த அடியாகவே பட்டது. பிரச்சினை அணியின் உரிமையாளரோடுதான், மொழியோடோ ஊரோடோ இல்லை என்று லிண்ட்ரோஸ் பிற்காலத்தில் சொன்னார். எது எப்படியோ, அவர் ஒரு முழுப் பருவமும் என்.எச்.எல். பக்கம் வராமல், கனடாவின் தேசிய அணியோடு 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

கடைசியில் 1992 ஜூனில் நோர்டிக்ஸ் இறங்கி வந்தது. வந்த விதம்தான் பகிடி. பிலடெல்பியா ஃப்ளையர்ஸும் நியூயோர்க் ரேஞ்சர்ஸும் இரண்டு பேருமே லிண்ட்ரோஸ் எங்களுக்குத்தான் என்றார்கள். ஒரே வீரரை இரண்டு கழகத்துக்கு ஒப்புக்கொண்டாயிற்று! நடுவராக வந்த ரொறன்ரோச் சட்டத்தரணி லாரி பேர்ட்டூசி, ஃப்ளையர்ஸின் ஒப்பந்தமே செல்லும் என்று ஜூன் 30 அன்று தீர்ப்புச் சொன்னார்.

ஒருவருக்காக ஃப்ளையர்ஸ் கொடுத்தது என்ன? கோல்காப்பாளர் ரொன் ஹெக்ஸ்டோல், ஸ்டீவ் டுஷேன், கெரி ஹஃப்மன், மைக் ரிச்சி, கிறிஸ் சைமன், பீட்டர் ஃபோர்ஸ்பேர்க், இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகள், அதோடு 1.5 கோடி அமெரிக்க டொலர்.

இந்தப் பட்டியலில் அன்றைக்கு ஆட்கள் நன்றாக அறிந்த பெயர்கள் ஹெக்ஸ்டோலும் டுஷேனும். ஃபோர்ஸ்பேர்க் அப்போது சுவீடனில் விளையாடிக்கொண்டிருந்தார். அதே 1991 ட்ராஃப்டில் ஆறாவதாகத் தெரிவானவர். அது கொஞ்சம் முந்தி எடுத்த தெரிவு என்றுகூடப் பலர் நினைத்தார்கள். ட்ரேட்டுக்குப் பிறகும் இரண்டு வருசம் சுவீடனிலேயே இருந்தார். 1994 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிராக ஒற்றைக் கையால் அவர் போட்ட கோலைச் சுவீடன் தபால்தலையாகவே வெளியிட்டது.

இங்கேதான் விசயம் இருக்கு. ஃப்ளையர்ஸுக்கு அவசரம். தொடர்ந்து மூன்று வருசம் பிளேஓஃப் பக்கமே போகாத அணி அது. அவர்களுக்கு நாளைக்கு வரப்போகிற சுவீடன்காரனைவிட, இண்டைக்கே இறங்கக்கூடிய லிண்ட்ரோஸ் பெரிதாகத் தெரிந்தார். நோர்டிக்ஸிடம் ஜோ சாக்கிக், மற்ஸ் சுண்டின் போன்ற இளையவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். அவர்களால் காத்திருக்க முடிந்தது. ஒரு பெடியனின் விலை அவனுடைய திறமையை மட்டும் வைத்து வருவதில்லை. வாங்குகிறவர் எவ்வளவு காலம் பொறுப்பார் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

பொறுத்தவர்களுக்குக் கிடைத்ததும் கொஞ்சமில்லை. ஹெக்ஸ்டோலை ஒரே வருசத்தில் நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்தார்கள். அதில் வந்த தெரிவால் எடுத்தவர் அடம் டெட்மார்ஷ். ஃப்ளையர்ஸின் முதற்சுற்றுத் தெரிவு ஒன்றால் எடுத்த கோல்காப்பாளர் ஜோசலின் தீபோவை, 1995 டிசம்பரில் மொன்றியலுக்குக் கொடுத்த ட்ரேட்டில் சேர்த்தார்கள். பதிலுக்கு வந்தவர் பற்றிக் றுவா. 1996இல் ஃபோர்ஸ்பேர்க், சாக்கிக், டெட்மார்ஷ், றுவா எல்லோரும் சேர்ந்து ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

ஆனால் கியூபெக்கில் இல்லை. சம்பளம் அமெரிக்க டொலரில், வருமானம் விழுந்துகொண்டிருந்த கனேடிய டொலரில். புது அரங்குக்கு உரிமையாளர் கேட்ட உதவியை மாகாண அரசு கொடுக்கவில்லை. 1995இல் அணி விற்கப்பட்டு டென்வருக்குப் போய், கொலராடோ அவலான்ச் ஆனது. அடுத்த பருவத்திலேயே கிண்ணம். எல்லாத் தோல்வியையும் பார்த்தது ஒரு ஊர், வெற்றியைப் பார்த்தது இன்னொரு ஊர்.

அப்ப லிண்ட்ரோஸ் தோற்றவரா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. 1995இல் தொடரின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது அவருக்கு. 1997இல் ஃப்ளையர்ஸை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். பிறகு தலையில் அடிமேல் அடி விழுந்து அவருடைய ஆட்டத்தைக் குறைத்துவிட்டது. மொத்தமாக 760 ஆட்டங்களில் 865 புள்ளி. ஃபோர்ஸ்பேர்க் 708 ஆட்டங்களில் 885. இரண்டு பேரும் இன்று ஹொக்கியின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் பார்த்தால் பெரிய இடைவெளி இல்லை. வித்தியாசம் என்னவென்றால், ஃப்ளையர்ஸ் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் வைத்தார்கள். அந்த உடம்பில் அடி விழுந்தபோது கையில் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வழமையாக 'ட்ரேட்டில் வென்றது யார்' என்று முடிப்பார்கள். எங்களுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. 'இந்தப் பெடியன் எங்களுக்கு வேண்டாம்' என்று ஒரு கழகம் சொன்னால் அது நிர்வாகத் திறமை. 'இந்தக் கழகம் எனக்கு வேண்டாம்' என்று பெடியன் சொன்னால் அது திமிர். லிண்ட்ரோஸ் கியூபெக்கில் இறங்கி ஆடிய போதெல்லாம் சனம் கூவிக் கத்தித் தீர்த்தது. ஊரை விட்டு அணியையே தூக்கிக்கொண்டு போனது அவரில்லை, பணக்கணக்கு. 2015இல் கியூபெக் நகரம் புது அரங்கம் ஒன்றைத் திறந்துவிட்டது. என்.எச்.எல். அணி இன்னும் திரும்பி வரவில்லை.

யாரைக் குடுக்கிறது, யாரை வைச்சிருக்கிறது என்ற விவாதம் அடுத்த ட்ராஃப்டிலும் நடக்கும். அந்தப் பட்டியல்களை வாசிக்கும்போது, எடைபோடப்படுகிறவர்கள் அநேகமாக எங்கள் வயது ஆட்கள்தான் என்பதையும் சேர்த்து வாசிப்போம்.