எயின் சோஃப்

எயின் சோஃப் என்பது யூத மறைஞான மரபாகிய கபலாவில், மனித அறிவுக்கும் சொல்லுக்கும் எட்டாத நிலையிலுள்ள இறைவனைக் குறிக்கும் எபிரேயத் தொடர் ஆகும். "முடிவு இல்லை" என்பது இதன் நேர்ப்பொருள். இதனை இறைவனின் பெயர் என்பதைவிட, பெயரிட இயலாமையைச் சுட்டும் குறி என்பதே பொருந்தும்.

13ஆம் நூற்றாண்டில் எசுப்பானியாவின் கிரோனா நகரக் கபலா அறிஞரிடையே இத்தொடர் நிலைபெற்றது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாஅரேகெத் ஹா-எலோகூத் என்னும் நூல், எயின் சோஃப் பற்றித் தோராவிலோ இறைவாக்கினர் நூல்களிலோ பண்டைய அறிஞர் கூற்றுகளிலோ குறிப்பு இல்லை என்கிறது. மறைநூலையே சான்றாகக் கொள்ளும் மரபில் இது துணிவான கூற்றாகும்.

பின்னணி

இறைவனை அறிய முற்படுவதற்கு வரம்பு விதிக்கும் போக்கு கபலாவுக்கு முந்தியது. மேலே உள்ளது, கீழே உள்ளது, முன் இருந்தது, பின் வருவது ஆகிய நான்கையும் ஆராய்பவன் பிறவாதிருப்பதே நன்று என மிஷ்னா எச்சரிக்கிறது. தல்மூத் கூறும் கதையொன்றில் நால்வர் "பர்தேசு" என்னும் சோலைக்குள் நுழைகின்றனர். ஒருவர் இறக்கிறார், ஒருவர் மனம் பிறழ்கிறார், ஒருவர் நெறி தவறுகிறார், ரபி அகிவா மட்டுமே நலமாகத் திரும்புகிறார்.

மெய்யியலாளர் மைமோனிடிசு (1138–1204), இறைவன் எத்தகையவன் அல்லன் என்று மட்டுமே கூற இயலும் என்றார். கபலா அறிஞர் வேறு வழியில் சென்றனர். எயின் சோஃப் அறியவொண்ணாதது. ஆனால் அதிலிருந்து வெளிப்படும் பத்துச் செபிரோத்துகள் வழியே இறைவனின் செயலை ஓரளவு உணரலாம் என்றனர்.

விடையற்ற வினா

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசுத்தீலில் வெளிப்பட்ட சோகார், இவ்வரம்பைச் செபிரோத்துகளுக்குள்ளேயே வரைகிறது. மூன்றாம் செபிராவாகிய பினாவுக்கு அந்நூல் தரும் பெயர் "மீ", அதாவது "யார்". அங்கே வினவலாம், விடை கிடைக்காது. இறுதிச் செபிராவின் பெயர் "மா", அதாவது "என்ன". படிப்படியாகத் தேடிக் கடைசிவரை சென்றவனும், என்ன அறிந்தோம் என்ற கேள்வியுடனேயே நிற்கிறான் என்பது இதன் விளக்கம். பினாவுக்கும் மேலுள்ள முதற் செபிராவாகிய கெதெர், "அயின்" அதாவது "இன்மை" எனப்படுகிறது. இல்லாதது என்பதன்று, அறிவால் பற்ற இயலாதது என்பதே இங்குப் பொருள்.

வழிபாட்டுச் சிக்கல்

எயின் சோஃப் எட்டாதது எனில் வேண்டுதல் யாரை நோக்கியது? இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. செபிரோத்துகளை நோக்கி வேண்டுவது இறைவனின் ஒருமையைக் குலைக்கும் என்ற அச்சம் எழுந்தது. கிறித்தவர் மூவரை நம்புவதுபோலக் கபலாவினர் பதின்மரை நம்புகின்றனர் என்ற ஏளனத்தை ரபி ஐசக் பார் சேசேத் (1326–1408) தம் மறுமொழி ஒன்றில் பதிவு செய்துள்ளார். இதுபற்றி அவர் வினவியபோது கபலா அறிஞர் ஒருவர், அரசனிடம் நீதி கேட்பவன் அதனை நீதிபதியிடம் ஒப்படைக்குமாறு வேண்டுவது போன்றதே இது என விளக்கினாராம். சேசேத் இதனை நல்ல விளக்கமென ஒப்பினும் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. கபலாவைக் கற்றறிந்த சினோன் நகர ரபி சாம்சன், ஒரு சிறுவனின் எண்ணத்துடனேயே தாம் வேண்டுவதாகக் கூறியதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

பிற்கால விளக்கங்கள்

சபேத் நகரில் போதித்த ஐசக் லூரியா (1534–1572), எயின் சோஃப் தன்னைச் சுருக்கி உலகுக்கு இடம் தந்தது என்றார். இது "திசிம்திசும்" எனப்படும். இச்சுருக்கத்தை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது, மறைப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது அசிதிய ஆசான் சினியூர் சல்மானின் (1745–1812) கருத்தாகும்.