கொஸ்லந்த இறக்கமும் ஒரிஜினல் ரப்பரும்

பேரகலச் சந்தியிலிருந்து கொஸ்லந்த ஊடாக வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், இடையில் முடிவில்லா வளைவுகள். ஊரைத் தாண்டினால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் புதையுண்ட பின்னரே உலகெங்கும் வாழும் தமிழர் பலருக்குக் கொஸ்லந்த என்ற பெயர் தெரியவந்தது. எனக்கோ அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, வேறொரு காரணத்தால், அந்த இறக்கம் மறக்க முடியாததாகிவிட்டது.

1993ஆம் ஆண்டு. தோட்டங்கள் அரசிடமிருந்து தனியார் நிர்வாகத்துக்குக் கைமாறி ஓராண்டு ஆகியிருந்தது. அதைப் பற்றி எழுதுவதற்காக எனது மொரிஸ் மைனரில் ஊவாவுக்குப் புறப்பட்டேன். மலைப்பயணம் என்பதால் முன்கூட்டியே பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் மாற்றியிருந்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று இந்தியத் தயாரிப்பு; மற்றது இங்கிலாந்துப் பெட்டி, விலை மூன்று மடங்கு. உயிர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று இங்கிலாந்துப் பெட்டியையே வாங்கினேன்.

கொஸ்லந்தவுக்குச் சற்று முன்னே பிரேக் மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போயிற்று. மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். அது கைவிட்டால் நான்கும் கைவிடும். கைப்பிரேக் மட்டும் கம்பியால் தனியே இயங்குவதால் தப்பினேன். முதலாம் கியரில் ஊர்ந்து, வீதியோரக் கராஜ் ஒன்றை அடைந்தேன்.

அங்கிருந்த மெக்கானிக் தோட்டத்தில் பிறந்த தமிழர். ஊரார் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைத்தனர். (ஒல்லாந்தர் நம் நாட்டில் விட்டுச்சென்ற சொல் அது, அவர்களது மொழியில் எசமான் என்று பொருள்.) சிலிண்டரைக் கழற்றி, ரப்பரை நகத்தால் அழுத்தினார். விளிம்பு வெடித்தது.

“பெட்டி என்னமோ ஒரிஜினல்தாங்கய்யா. ஆனா ரப்பர் கெழடாப் போச்சுங்களே.”

அந்த ஒரு வாக்கியந்தான் பின்னர் இந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. பிரித்தானியாவில் அதன் உற்பத்தி 1971இல் நின்றது. அதன் பிரேக் பாகங்களை மொரிஸ் நிறுவனம் தானே தயாரித்ததில்லை. அவை லொக்ஹீட் என்ற பெயரில் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்தவை. அந்தப் பெயர்கூட அமெரிக்காவிலிருந்து வந்ததே. விமானம் கட்டிய சகோதரர்களில் ஒருவரான மல்கம் லொக்ஹீட் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கியவர். ஆக, ‘ஒரிஜினல்’ என்று நாம் பூசிக்கும் பொருள் தொடக்கத்திலிருந்தே வெளியாரிடம் வாங்கிப் பொருத்தியதுதான். மொரிஸின் பெட்டி அதற்குக் கிடைத்த சட்டை, அவ்வளவே.

இந்தப் பூசைக்கு நம் நாட்டில் ஒரு காரணம் இருந்தது. 1960களில் தொடங்கிய அந்நியச் செலாவணி நெருக்கடி 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் உச்சத்தை எட்டியது. புதிய கார் கனவாயிற்று. உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிதாயிற்று. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போனார்கள், கார்கள் இருந்தன. தேய்ந்த பிரேக் சப்பாத்தில் ரிவெட் அறுத்துப் புது லைனிங் அடிப்பதும், கடைசலில் டிரம்மைச் சீராக்குவதும் மலையகக் கராஜ்களில் கலையாகவே வளர்ந்தன. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன இறக்குமதியைத் திறந்துவிட்டபோதும், பற்றாக்குறைக் காலத்தில் இங்கிலாந்துப் பெட்டி பெற்ற மதிப்பு குறையவில்லை.

நான் ஒதுக்கிய இந்தியப் பெட்டியின் கதை வேறு. மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர் 1957இலிருந்து இந்தியாவில் தயாராகிவந்தது. 1962இல் பிரித்தானிய லூக்காஸ் நிறுவனத்தின் கூட்டுடன் டி.வி.எஸ். குழுமம் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1964இல் ரானே குழுமம் பிரேக் லைனிங் தயாரிப்பில் இறங்கியது. ஒரு தொழிலே கடல் தாண்டி வந்து நமக்கு அண்டை வீட்டில் குடியேறியிருந்தது. நாமோ அங்கிருந்து வருவதையெல்லாம் ‘டூப்ளிகேட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினோம். போலிகள் இருந்தன, இன்றும் உண்டு; ஆனால் பெயர் போட்டுத் தயாரிப்பவனும் அடுத்தவன் பெயரைத் திருடுபவனும் ஒன்றல்லவே.

இதைவிட வேடிக்கை, நான் அந்த இறக்கத்தில் தவித்த அதே 1990களில் நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார். அங்குள்ளவர்கள் இலங்கைப் பாகத்தை வாங்கிப் பூட்ட, நான் இங்கே இங்கிலாந்துப் பெட்டியைத் தேடி அலைந்திருக்கிறேன்!

எல்லாப் பாகத்திலும் பழையது மோசம் என்று சொல்லமாட்டேன். விரிசலின்றி, அளவு மீறித் தேயாத பழைய வார்ப்பிரும்பு டிரம் கிடைத்தால் இன்றும் அதையே எடுப்பேன். இரும்பு அலமாரியில் காத்திருக்கும், ரப்பர் காத்திராது. லைனிங்கில் சிக்கல் வேறு. அக்காலத்து ‘ஒரிஜினல்’ லைனிங்கில் கல்நார் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பிரித்தானியா 1999இல் அதைத் தடைசெய்தது. அந்தத் தூசியை எத்தனை பாஸ்மார் வாயால் ஊதித் தள்ளியிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 வரை தடை நீடித்தபோது, பழைய கார்களுக்கு மறுபடியும் கிராக்கி ஏற்பட்டது. ‘ஒரிஜினல் வாங்கவா?’ என்று நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள் என்பதே நான் சொன்ன பதில்.

கொஸ்லந்த பாஸ் அன்று தன் தகரப் பெட்டியிலிருந்து ஓர் இந்திய ரப்பரை எடுத்துப் பொருத்தினார். பழைய எண்ணெயை முழுவதும் வடித்து, புதியது விட்டு, என்னை மிதிக்கச் சொல்லிச் சக்கரம் சக்கரமாகக் காற்றெடுத்தார். நான்காம் சக்கரம் முடிந்தபோது இருட்டிவிட்டது. இரவில் இறங்க வேண்டாம் என்று சொல்லி, தன் லயன் அறையிலேயே பாய் விரித்துத் தந்தார்.