அஜாக்ஸ்: ஒரு பேரு, மூணு அர்த்தம்!

‘அஜாக்ஸ்’னு தேடினா மூணு விதமா பதில் வரும். குழம்பாதீங்க பாஸ்!

புராணம்: கிரேக்கக் கதைகளில், ட்ராய் போரில் சண்டையிட்ட மாவீரன். அகில்லெஸ் இறந்ததும், அவன் கவசம் தனக்குத்தான்னு நம்பினான். அது ஒடிசியஸுக்குப் போக, அவமானம் தாங்காமல் தன் வாளாலேயே உயிரைவிட்டான்.

விளையாட்டு: அந்த வீரன் பெயரில் 1900-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஃபுட்பால் கிளப். அந்த ஊர்க்காரங்க ‘ஆயக்ஸ்’னுதான் சொல்வாங்க. யோஹான் க்ரைஃப் ஆடிய காலத்தில் 1971, 1972, 1973 என வரிசையா மூணு யூரோப்பியன் கப் ஜெயிச்ச டீம்!

டெக்னாலஜி: பக்கம் முழுசா ரீலோடு ஆகாமல், தேவையான தகவலை மட்டும் சர்வரிலிருந்து வாங்கிக் காட்டும் டெக்னிக். ‘அசிங்க்ரனஸ் ஜாவாஸ்க்ரிப்ட் அண்ட் எக்ஸ்.எம்.எல்’ என்பதன் சுருக்கமா 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் வைத்த பெயர். பிரவுசரில் கூகுள் மேப்பை இழுத்தா அடுத்த தெரு தானா வருதே... அந்த வித்தைதான் இது!